இருக்கை இல்லாத வண்டி

மார்த்தாண்டம்

அன்புள்ள மக்கா,

இங்கே எல்லோரும் நலம். பதில் போடாததற்கு நீ திட்டியிருப்பாய். திட்டியதாகவே வைத்துக்கொண்டு மேலே போகிறேன். தாடி உனக்குப் போன் போட்டு இல்லாததும் பொல்லாததும் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். நம்மை விட்டுப் போன தங்கப்பனின் சைக்கிளை அறுத்தாகிவிட்டது.

ஏசாதே, அவன் மனைவி, நம் மதினியின் சம்மதத்தோடுதான். விறகுப்புரையில் துருவேறிக் கிடந்ததைப் பழைய இரும்புக்காரன் எடைக்குக் கேட்டிருக்கிறான். "அவனுக்குக் கொடுப்பதற்கு நீங்களே எதையாவது செய்யுங்கள்" என்றார்.

என் மூலத்தின் வரலாறு உனக்குத் தெரியும். சைக்கிள் சீட்டில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சீட்டுதானே கூடாது, சைக்கிள் கூடாது என்று சொல்லவில்லையே! பெடல், செயின், சீட்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு நடுவில் ஒரு பலகை. அதில் ஒரு காலை ஊன்றி நின்று, மறுகாலால் தரையை உந்திப் போகலாம். மாஸ்டரிடம் சொன்னேன். 1817இல் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் ஓட்டிய வண்டியும் காலால் உந்துவதுதான் என்று ஆரம்பித்தார். அதற்குச் சீட்டு உண்டு மாஸ்டர், எனக்கு உதவாது என்றேன்.

முன்னால் பழைய 28 அங்குலச் சக்கரம், அதைப் பிடிக்கும் ஃபோர்க், ஹாண்டில்பார் அப்படியே. பின்னால் பேரன் வளர்ந்துவிட்டதால் சும்மா கிடந்த சைக்கிளின் 16 அங்குலச் சக்கரம். இடையில் சதுர இரும்புக் குழாய். பட்டறைப் பையன் இணைப்பில் கிரைண்டரை வைத்ததும் இரும்புக்கு நடுவே மஞ்சளாய் ஒரு கோடு மின்னியது. பித்தளை. அந்தக் காலத்தில் குழாய் சேருமிடத்தில் உறை போட்டுப் பித்தளையை உருக்கி ஒட்டியிருக்கிறார்கள். அதன்மேல் வெல்டிங் வைத்தால் பற்று வெடித்துவிடும் என்று சொல்லி, தள்ளி, வெறும் இரும்பாய் இருந்த இடத்தில் வைத்தான். பாலிடெக்னிக்கில் நமக்கு இதை யார் சொன்னார்கள்?

பின்சக்கரம் சிறிதானால் வண்டி பின்னால் தாழ்ந்து, ஃபோர்க் மல்லாந்துவிடும். மெதுவாய்ப் போகும்போது ஹாண்டில் சொன்ன பேச்சைக் கேட்காது. அதனால் பட்டறைச் சுவரில் முழு அளவில் சாக்பீஸால் வரைந்தோம். முன் அச்சு தரையிலிருந்து 14 அங்குலம், பின் அச்சு 8 அங்குலம், ஃபோர்க்கின் சாய்வு பழையபடி.

இதெல்லாம் சுலபம். என் தூக்கத்தைக் கெடுத்தது பலகையின் உயரம். ஒவ்வொரு உந்தலுக்கும் நிற்கிற காலின் முழங்கால் மடங்கி நிமிர வேண்டும். பலகை உயர உயர முட்டி கழன்றுவிடும். சரி, தாழ்த்தலாம் என்றால் வேகத்தடை! 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் என்று சாலை அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸ் அளவு வைத்திருக்கிறது. நம் ரோட்டில் கோயிலுக்கு ஒன்று, சிலுவை நிற்கும் குருசடிக்கு ஒன்று, கட்சிக்காரர் வீட்டு வாசலுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு குட்டி மருத்துவாமலை. முன்சக்கரம் ஏறி இறங்கிவிடும், பின்சக்கரம் வந்திருக்காது, நடுவயிறு தட்டி நிற்கும். ஐந்து அங்குலத்தில் சமாதானமாகியிருக்கிறேன். பெரிய மேடு வந்தால் இறங்கித் தள்ளுகிறேன். தாடி சிரிப்பது இதற்குத்தான். நாஞ்சில் நாட்டுச் சமநிலத்தில் பிறந்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் காற்று முழுவதையும் நின்றுகொண்டு நெஞ்சில் வாங்க வேண்டும். இறக்கத்தில் போகும் சுகம் மட்டும் நம் விளவங்கோட்டுக்காரனுக்குத்தான்.

முடிந்ததும் மதினியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஹாண்டிலைத் தொட்டுப் பார்த்தார். "பிரேக் பிடிக்குமா?" என்று மட்டும் கேட்டார். பிடித்துக் காட்டினேன்.

மக்கா, தங்கப்பனின் ஈமச் சடங்கான அடியந்திரம் முடிந்து ஆண்டுத் திதி வரப்போகிறது. நீ இன்னும் மதினியைப் போனில் கூப்பிடவில்லை. என்ன பேசுவதென்று தெரியவில்லை என்பாய். எனக்கும் தெரியவில்லை, போனேன். நீ சைக்கிளைப் பற்றியே பேசு. நம் மூன்று பேரையும் திற்பரப்புவரை சுமந்த சைக்கிள்தானே.

முன்பிரேக் பழைய கம்பி பிரேக்தான். ரப்பர் கட்டை காய்ந்துவிட்டது, இங்கே கடைகளில் இல்லை. சென்னையில் பாரிமுனைப் பக்கம் தேடி இரண்டு ஜோடி வாங்கி வா. ஓட்டிப் பார்க்கத் தருகிறேன். ஆனால் உன் எடைக்கு முதலில் பலகையின் அடியில் இன்னொரு குழாய் வைக்க வேண்டும்; பையனிடம் சொல்லியிருக்கிறேன்.

உன்
செல்லப்பன்