எவ்வளவுக்குக் கேட்பது: மகளுக்கு ஒரு கடிதம்

தண்டையார்பேட்டை,
16 நவம்பர் 2025

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலமாக இருக்கிறோம். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய இரண்டு டைம்ஷேர் (விடுமுறை விடுதியில் ஆண்டுதோறும் தங்கும் உரிமை) காண்ட்ராக்ட் விவரங்களையும், மாப்பிள்ளை அனுப்பிய பத்திர நகலையும் தெருமுனைக் கடையில் அச்செடுத்து, மூன்று இரவுகள் உட்கார்ந்து படித்தேன். கேட்கிற விலையில் பத்து சதவீதம் குறைத்துக் கேட்டால் சரியாக இருக்குமா என்று எழுதியிருந்தாய். அந்தக் கேள்விக்குப் போனில் ஒரு வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விற்பவர் கேட்கும் தொகையிலிருந்து இறங்கத் தொடங்கினால், எங்கே நின்றாலும் அது அவர் போட்ட கணக்காகவே இருக்கும். காண்ட்ராக்டில் இன்னும் எத்தனை ஆண்டு மீதம், அறை எடுக்க ஆண்டுதோறும் கிடைக்கும் பாயிண்ட் மொத்தம் எத்தனை உன் கைக்கு வரும் என்பதிலிருந்து ஏறி வந்து, நீ நிற்க வேண்டிய இடத்தை நீயே குறித்துக்கொள்ள வேண்டும்.

ராயபுரம் சார்பதிவாளர் அலுவலக வாசலில் 31 ஆண்டுகள் பத்திரம் எழுதியவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்கிறேன். நீ வாங்கப்போவது டிஸ்னி வெக்கேஷன் கிளப், அதாவது டிஸ்னி நிறுவனத்தின் விடுமுறை விடுதித் திட்டத்தில், இப்போது ஒருவர் வைத்திருக்கும் பங்கு. அதற்குக் கிரயப் பத்திரம் உண்டு, பதிவும் உண்டு. ஆனாலும் அடியில் இருப்பது காலம் குறித்த குத்தகைதான். நம் தெருவில் லீஸுக்கு வீடு எடுப்பவர்கள் ஆறு லட்சம் கொடுத்து மூன்று ஆண்டுகள் குடியிருந்துவிட்டு, காலி செய்யும் நாளில் அந்த ஆறு லட்சத்தை எண்ணி வாங்கிக்கொண்டு போகிறார்கள். உன்னுடைய குத்தகையில் முடிவு நாளன்று ஒரு டாலரும் திரும்பாது. நீ பார்த்திருக்கும் இரண்டு ஃப்ளோரிடா விடுதிகளில் போர்டுவாக் 2042 ஜனவரியோடு முடிகிறது. சரடோகா ஸ்பிரிங்ஸ் 2054 ஜனவரியோடு முடிகிறது. ஒவ்வொரு ஆண்டும் கொடுத்த பணத்தில் ஒரு பங்கு கரைந்துகொண்டே போகும். ஆகவே அந்தத் தொகையைச் சொத்தில் போட்ட பணமாக மனத்தில் எழுதிக்கொள்ளாதே, முன்கூட்டிக் கட்டிய வாடகையாக எழுதிக்கொள்.

இப்போது உன் இரண்டு காண்ட்ராக்டுகளையும் எடுத்துக்கொள்வோம். போர்டுவாக்கில் ஆண்டுக்கு 150 பாயிண்ட், பாயிண்டுக்கு 95 டாலர், மொத்தம் 14,250. எப்காட் பூங்காவுக்கு நடந்தே போகலாம் என்பதால் உனக்கு அதில்தான் ஆசை என்பது உன் எழுத்திலேயே தெரிகிறது. ஆனால் விவரத்தாளின் கடைசி வரியைப் பார். 2025ஆம் ஆண்டுப் பாயிண்டுகள் முழுவதும் செலவாகிவிட்டன, 2026ஆம் ஆண்டுக்குரியதிலும் 110 பாயிண்டை விற்பவர் முன்னதாகவே எடுத்துச் செலவழித்துவிட்டார், மீதம் 40. காசிமேட்டில் பழைய ஃபைபர் படகு கைமாறும்போது நான் பல முறை ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்ஜினைக் கழற்றி வைத்துக்கொண்டவர் இன்ஜினோடு உள்ள படகின் விலையைக் கேட்டால் வாங்குபவர் எழுந்து போய்விடுவார். இதுவும் அப்படிக் கழற்றிய படகுதான். 2027 முதல் 2041 வரை ஆண்டுக்கு ஒரு முறை பாயிண்ட் வரும் தவணை 15, அதோடு அந்த 40. ஆக மொத்தம் உன் கைக்கு வருவது 2,290 பாயிண்ட். வகுத்துப் பார்த்தால் அப்படி வரும் ஒவ்வொரு பாயிண்டுக்கும் நீ போட்ட முதல் பணத்தில் 6 டாலர் 22 சென்ட் போகிறது, ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் தனி.

சரடோகாவில் ஆண்டுக்கு 160 பாயிண்ட், பாயிண்டுக்கு 100 டாலர், மொத்தம் 16,000. ஆண்டுக் கணக்கு பிப்ரவரியில் தொடங்குகிறது. 2025ஆம் ஆண்டின் 160 பாயிண்டும் செலவாகாமல் 2026க்கு மாற்றி வைக்கப்பட்டிருக்கின்றன. 2026 முதல் 2053 வரை 28 தவணை, மாற்றி வைத்ததையும் சேர்த்தால் 29. ஆனால் 2042க்குப் பிந்தைய ஆண்டுகளை நான் முழு மதிப்பில் எடுக்க மாட்டேன். பேரன் கவினுக்கு இப்போது 6 வயது. 2042இல் அவனுக்கு 22, 23 நடக்கும். அப்போது உங்களோடு அங்கே வர அவனுக்கு நேரம் இருக்குமா, விருப்பம் இருக்குமா என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. அதனால் கடைசி 12 தவணைகளைப் பாதியாகக் கணக்கிட்டேன். அப்படிப் பார்த்தாலும் 23 தவணை, 3,680 பாயிண்ட் வருகிறது. அவர் கேட்கும் விலையிலேயே பாயிண்டுக்கு 4 டாலர் 35 சென்ட்தான் ஆகிறது.

அம்மா இருபது ஆண்டுகள் ஏலச்சீட்டு நடத்தியவள் அல்லவா, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தவள், "வட்டியை விட்டுவிட்டீர்களே" என்றாள். அவள் சொன்னது சரி. முதல் மாதமே சீட்டை எடுப்பவர் ஏன் அவ்வளவு தள்ளி எடுக்கிறார் என்பது அவளுக்குத்தான் தெரியும்: இன்று கைக்கு வரும் பணமும் இரண்டு ஆண்டு கழித்து வரும் பணமும் ஒன்றல்ல. உன் 15,000 டாலர் வங்கியில் 4 சதவீதத்துக்குக் கிடந்தால் ஆண்டுக்கு 600 டாலர் தரும். முதல் கரைந்துகொண்டே போவதால் அதில் பாதியை எடுத்தால் பாயிண்டுக்கு ஏறத்தாழ 2 டாலர். முதலுக்கு 4, வட்டிக்கு 2, நீ எழுதியபடி பராமரிப்புக்கு 9, கூட்டினால் 15. உன் அலுவலகத் தோழி தன் பாயிண்டுகளை ஓராண்டுக்கு மட்டும் வாடகைக்குத் தர 20 டாலர் கேட்டதாக எழுதியிருந்தாய். வித்தியாசம் 5 டாலர். 160 பாயிண்டுக்கு ஆண்டுக்கு 800 டாலர். இந்த 800 டாலர் மிச்சத்துக்காகத்தான் நீ கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் கட்டுப்படப்போகிறாய் என்பதை மறந்துவிடாதே. ஒரே ஓர் ஆண்டு போக முடியாமல் பாயிண்டுகள் காலாவதியானால் 1,440 டாலர் பராமரிப்புக் கட்டணம் வீணாகிவிடும். கடன் வாங்கி இதைச் செய்வதாக இருந்தால் எண்ணத்தையே விட்டுவிடு. 12 சதவீத வட்டி என்றால் அந்த 5 டாலர் வித்தியாசத்தில் ஏறக்குறைய 4 டாலர் கூடுதல் வட்டிக்கே போய்விடும்.

மாப்பிள்ளை அனுப்பிய நகலைப் பார்த்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. நம் ஊரில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பதைப் போல, அந்த விடுதிகள் இருக்கும் ஆரஞ்சு கவுண்டி மாவட்டப் பதிவு அலுவலகத்தின் ஆவணங்களை அங்கே யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம் என்பது நல்ல ஏற்பாடு. சரடோகா விற்பவர் 2013இல் வாங்கிய பத்திரத்தின் தலைப்பில் முத்திரை வரி 70 டாலர் என்று இருக்கிறது. ஃப்ளோரிடாவில் அந்த வரி நூறு டாலருக்கு 70 சென்ட். எனவே அவர் அன்று கொடுத்தது 10,000 டாலர், அதாவது பாயிண்டுக்கு 62 டாலர் 50 சென்ட். அவர் என்ன கொடுத்தார் என்பது நம்மைக் கட்டுப்படுத்தாது. பன்னிரண்டு ஆண்டு அனுபவித்த பிறகும் அவர் லாபத்தில்தான் நிற்கிறார், இறங்கி வர அவருக்கு இடம் இருக்கிறது என்பதை மட்டும் தெரிந்துகொள். அதே பதிவில் அடமானம் ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்.

ஆகவே என் கருத்து இது. சரடோகாவுக்கு 88 டாலர் என்று தொடங்கு; 14,080 ஆகும். 94 உன் எல்லை, 15,040. அதற்கு மேல் ஒரு டாலரும் ஏறாதே. 2026ஆம் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தை நீ ஏற்றுக்கொள்வது நியாயம், ஏனென்றால் அந்த ஆண்டின் பாயிண்ட் முழுவதும் உனக்கு வருகிறது. 2025க்கு அவர் கட்டியதைத் தனியாகத் திருப்பிக் கேட்டால் அந்தத் தொகையையும் விலைக்குள்ளேயே சேர்த்துக் கணக்கிடு. மாற்றி வைத்த 160 பாயிண்டை இன்னொரு முறை மாற்ற முடியாது. 2027 ஜனவரி முடிவதற்குள் தங்கித் தீர்த்தாக வேண்டும். அடுத்த ஆண்டு உங்களால் போக முடியாது என்றால் என் எல்லையிலிருந்து 4 டாலரைக் கழித்துவிடு.

போர்டுவாக்கையும் அதே அளவுகோலில் நிறுத்தினால் 62 டாலர்தான் வருகிறது. நடந்து போகும் வசதிக்காக மேலே 8 டாலர் கொடுக்கலாம் என்று நினைத்தால் 70 என்று கேள். காரணத்தையும் மரியாதையாக எழுது. 95 கேட்பவர் அதற்கு இறங்குவார் என்று எனக்குத் தோன்றவில்லை. சரடோகாவை வாங்கினாலும் ஏழு மாதத்துக்கு முன்னால் போர்டுவாக்கில் இடம் இருந்தால் பதிவு செய்துகொள்ளலாம். சொந்த விடுதியில் மட்டும் பதினொரு மாதத்துக்கு முன்பே பதியும் உரிமை. ஒன்று மட்டும் கவனி: 2019 ஜனவரி 19க்குப் பிறகு இப்படிக் கைமாறி வாங்கும் பழைய விடுதிப் பாயிண்டுகளைக் கொண்டு ரிவியரா போன்ற புதிய விடுதிகளில் தங்க முடியாது.

குறைத்துக் கேட்டால் அந்த விலைக்கு டிஸ்னி நிறுவனமே எடுத்துக்கொண்டுவிடுமோ என்று பயந்திருந்தாய். அந்த முன்வாங்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. முடிவு தெரிய 30 நாள் வரை ஆகலாம். அப்படி எடுத்துக்கொண்டால் உன் முன்பணம் திரும்ப வந்துவிடும், போவது ஒரு மாதக் காத்திருப்புதான். அந்தப் பயத்துக்காக விலையை ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இவ்வளவு கறாராக எழுதுவதற்குக் காரணம் உண்டு. 1997இல் ஒரு விடுதி நிறுவனம் இரவு விருந்துக்கு அழைத்து, கொடைக்கானலில் ஆண்டுக்கு ஒரு வாரம் என்று சொல்லி, அந்த மேசையிலேயே என்னிடம் கையெழுத்து வாங்கியது. 45,000 ரூபாய், அம்மா சீட்டு எடுத்த பணம். ஒவ்வொரு மே மாதமும் அறை இல்லை என்றார்கள். பராமரிப்புக் கட்டணத்தை மட்டும் தவறாமல் கேட்டார்கள். ஒன்பதாம் ஆண்டு விற்கப் போனபோது 6,000 ரூபாய்க்கும் ஆள் கிடைக்கவில்லை. நீ பள்ளித் தோழிகளிடமெல்லாம் கொடைக்கானல் போகப் போவதாகச் சொல்லிவிட்டு, பெட்டியை அடுக்கி வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்த அந்த ஒரு கோடை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அன்று நான் விலையை மட்டும்தான் கேட்டேன். எந்த மாதத்தில் என்ன உரிமை என்று கேட்கவில்லை.

உனக்கு அட்லாண்டாவிலிருந்து காரிலேயே போய்வரும் தூரம். பேரனுக்கு ஏற்ற வயது. மூன்று ஆண்டாகத் தவறாமல் போய்வருகிறீர்கள். அதனால் வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 94 என்பதை ஒரு தாளில் எழுதி மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் பிறகு புரோக்கரிடம் பேசு. பேச்சு முடிந்து பத்திர வரைவு வந்ததும் கையெழுத்திடுவதற்கு முன் எனக்கு ஒரு நகல் அனுப்பு. உங்கள் இருவர் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா, முடிவு ஆண்டும் பாயிண்ட் எண்ணிக்கையும் விவரத்தாளோடு ஒத்துப்போகின்றனவா என்று நான் ஒரு முறை வரிவரியாகப் பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா