பில்லு கட்டினா டிஸ்சார்ஜ் முடிஞ்சுதா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

எங்க மாமியாருக்கு 78 வயசு. பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு மதுரையில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணோம். ஆபரேஷன்ல ஒரு குறை சொல்ல மாட்டேன், வீட்டுக்கு அனுப்பின விதம்தான் இன்னும் மனசு ஆறல.

காலையில 10 மணிக்கு ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் "இன்னைக்குப் போலாம்மா"ன்னுட்டாரு, இன்சூரன்ஸ் அப்ரூவல் வரல வரலன்னு ராத்திரி 9 மணி ஆயிடுச்சு. (டிஸ்சார்ஜ் கேட்டு 3 மணி நேரத்துக்குள்ள கம்பெனி முடிவு சொல்லணும்னு காப்பீட்டு ஆணையம் 2024லயே போட்டிருக்கு, கவுண்டர்ல கேட்டா சிரிக்கறாங்க.) அந்த நேரத்துல ஒரு நைட் ட்யூட்டி பொண்ணு ஃபைலையும் மாத்திரைப் பையையும் நீட்டி கையெழுத்து வாங்கிட்டுப் போயிடுச்சு, அவ்வளவுதான்.

யூரின் ட்யூபோட அனுப்பினாங்க. பை இடுப்புக்குக் கீழதான் தொங்கணும், மேல இருந்தா மூத்திரம் திரும்ப உள்ள போயி கிருமி ஏறும்னு யாரும் சொல்லல, நான் பாட்டுக்குக் கட்டில் மேல அவங்க பக்கத்துலயே வச்சிருந்தேன். எங்க வீட்ல இந்தியன் டாய்லெட். அதுல குந்தி உக்காரவே கூடாதாம், தையல் பிரிக்கப் போனப்பதான் தெரியும். உங்க வீட்ல எந்த டாய்லெட்டும்மான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே ஒரு கமோடு சேர் வாங்கிட்டுப் போயிருப்போம்.

ரொம்ப பயந்தது மாத்திரையிலதான். அத்தை வழக்கமா சாப்பிடற பிரஷர் மாத்திரையும் இவங்க எழுதினதும் பேருதான் வேற, உள்ள இருக்கற மருந்து ஒண்ணேதான், தெரியாம ரெண்டையும் கொடுத்து நாலாம் நாள் கண்ணு சொருகி சாஞ்சுட்டாங்க. மெடிக்கல் ஷாப் தம்பி அட்டையைத் திருப்பிப் பாத்துச் சொன்னப்பறம்தான் நிறுத்தினோம். ஆஸ்பத்திரி கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி ஆறு பக்கம், அத்தனையும் இங்கிலீஷ்.

மூணு வாரத்துல படுக்கைப் புண்ணும் வந்துடுச்சு. 'மக்களைத் தேடி மருத்துவம்'னு தமிழ்நாடு அரசுத் திட்டம் 2021லருந்து நடக்குதே, அந்தத் திட்டத்து ஆளுங்க வீட்டுக்கே வருவாங்கன்னு அப்பதான் பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க. வந்த நர்ஸம்மா, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எப்படிப் புரட்டிப் படுக்க வைக்கணும்னு செஞ்சே காட்டினாங்க, பிசியோதெரபிக்கும் ஆள் வர்றாங்க, காசு கிடையாது. இதை டிஸ்சார்ஜ் அன்னைக்கே ஆஸ்பத்திரிக்காரங்க சொல்லியிருந்தா அந்தப் புண்ணே வந்திருக்காதுன்னு தோணுது.

சுகாதாரத்துறைக்கு நான் கேக்கறது பெரிய விஷயம் இல்ல. வயசானவங்களை அனுப்பறப்ப தமிழ்ல ஒரே ஒரு பக்கம், எந்த மாத்திரை புதுசு, எந்தப் பழசை நிறுத்தணும், எது நடந்தா உடனே ஓடி வரணும்னு எழுதித் தரட்டும். அந்த ஊரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு போன் பண்ணட்டும், தனியார் ஆஸ்பத்திரியா இருந்தாலும். அப்புறம் ராத்திரி 9 மணிக்கு அனுப்பாதீங்க, அந்த நேரத்துல பஞ்சு வாங்கக்கூட கடை இல்ல.

ஒரு வாசகி,
தேனி மாவட்டம்