பிள்ளையை இழந்தவளை வில்லி ஆக்காதீர்கள்

தமிழ்த் தொலைக்காட்சிகளுக்குப் படம் தெரிவுசெய்பவர்களுக்கும் தொடர் எழுதுபவர்களுக்கும்,

வணக்கம். திருகோணமலை உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறேன், மகளுக்கு ஒன்றரை வயது. நீங்கள் மத்தியானங்களில் தமிழில் குரல் கொடுத்துப் போடும் ஒரு வகைப் படத்தைப் பற்றித்தான் இந்த மடல். எந்தப் படம் என்று கேட்காதீர்கள். பெயர்தான் மாறுகிறது, கதை ஒன்றுதான்.

பிள்ளை பெற்ற ஒருத்தி லீவு முடிந்து வேலைக்குத் திரும்புகிறாள். கூட வேலை செய்யும் ஒருத்தி தேனாகப் பழகுகிறாள், பிள்ளைக்கு உடுப்பு வாங்கி வருகிறாள், “நீ கொஞ்சம் படு, நான் பார்க்கிறேன்” என்கிறாள். பிறகு ஒரு கோப்பு தொலைகிறது, பழி தாயின் தலையில் விழுகிறது. புருஷன்காரன் “உனக்கு நித்திரை இல்லை, அதுதான் கண்டதையும் யோசிக்கிறாய்” என்கிறான். உண்மையைக் கண்டுபிடித்த சிநேகிதி செத்துப்போகிறாள். கடைசியில் குசினியில் கத்தியோடு ஒரு சண்டை. அதற்குச் சற்று முன்னால்தான் வில்லியின் பழைய கதை வெளியே வரும்: அவளும் ஒருகாலத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவள், மனநோய் ஆஸ்பத்திரியில் இருந்தவள்.

அமெரிக்காவில் 1984இல் தொடங்கிய லைஃப்டைம் சேனல் இந்த மாதிரிப் படங்களுக்குப் பேர்போனது. இரண்டு மணித்தியாலத்தில் விளம்பரம் போக மிச்சம் ஒன்றரை மணித்தியாலம்தான். ஒவ்வொரு விளம்பரத்துக்கு முன்னாலும் ஒரு திடுக்கிடல் வேண்டும். வில்லி ஏன் இப்படி ஆனாள் என்று ஆற அமரச் சொல்ல நேரம் ஏது? அதனால் ஒரு செத்த பிள்ளையைக் காட்டி, அரை நிமிடத்தில் காரணத்தை முடித்துவிடுகிறார்கள். எனக்கு நெஞ்சு கொதிப்பது அந்த அரை நிமிடத்துக்காகத்தான்.

என் மகளுக்கு முப்பத்தொரு நாள் கழிந்த பின்னேரம், என்னோடு வேலை செய்யும் அக்கா ஒருவர் பார்க்க வந்தார். தனியார் துறையில் பிரசவ லீவு 84 வேலை நாள். அந்த லீவு முழுக்க தன்னுடைய வேலையோடு என்னுடைய பேரேட்டையும் சேர்த்துப் பார்த்தவர் அவர்தான். வேலை முடிந்து நேரே வந்திருந்தார். முகம் கழுவிய ஈரம்கூடக் காயவில்லை. கையில் ஒரு பை, அதற்குள் இரண்டு பருத்திச் சட்டையும் ஒரு கிலுக்கட்டியும். “கை கழுவிட்டுத்தான் வாறன், ஒருக்காத் தூக்கட்டே?” என்று கேட்டார். நான் தலையாட்ட முதலே மாமி என் மடியில் இருந்த பிள்ளையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டார். “பிள்ளைக்கு நித்திரை வருது” என்று உள்ளே இருந்து குரல் மட்டும் வந்தது.

அக்காவின் கை நீட்டினபடியே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அந்தக் கையாலேயே சாறித் தலைப்பைச் சரி செய்தார். தேத்தண்ணி பாதியில் நின்றது. “சரி தங்கச்சி, பஸ் போயிடும், வெளிக்கிடுறன்” என்றார். நான் வாய் திறக்கவில்லை. அது இன்னும் என்னைக் குத்துகிறது.

அக்காவின் மகனைக் கடல் கொண்டுபோனது 2004 டிசம்பர் 26 காலை. இரண்டு வயது. அது மாமிக்கும் தெரியும். “பிள்ளை இல்லாதவள், கண்ணும் படும், மனமும் ஒருமாதிரி. போன கிழமை படத்தில நீயும் பார்த்தனீதானே” என்றார் இரவு. மாமி கெட்டவர் இல்லை. எனக்குச் சரக்கு அரைத்துப் பத்தியம் பார்த்து, இரவிரவாகப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர். நாவூறு பயம் அவரிடம் முன்பே இருந்தது. அந்தப் பயத்துக்கு ஒரு முகமும் கையில் ஒரு கத்தியும் கொடுத்தது உங்கள் படம்.

நீங்கள் படம் போடும் ஊர் எது என்று கொஞ்சம் பாருங்கள். சுனாமியில் இலங்கையில் 30,000 பேருக்கு மேல் போனார்கள். கிண்ணியா, மூதூர், சல்லி, நிலாவெளி என்று இந்த மாவட்டத்தின் கரை முழுக்க அந்தக் கணக்கில் இருக்கிறது. யுத்தத்தில் போன பிள்ளைகள் வேறு, காணாமல் போனவர்கள் வேறு. பிள்ளையை இழந்த ஒரு தாய் எங்களுக்கு எங்கோ இருக்கும் ஆள் இல்லை. கந்தோரில் பக்கத்து மேசையில் இருப்பார், கோயிலில் பக்கத்தில் நிற்பார், பஸ்ஸில் நம் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பார்.

பிரசவத்துக்குப் பிறகு வரும் கடுமையான மனக்குழப்பம் ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டில் வருகிறது. அதற்கு மருந்து இருக்கிறது, குணமாகும். பிள்ளையைப் பறிகொடுத்த துக்கம் அந்த நோய் இல்லை. அது இன்னொருத்தியின் தொட்டிலைத் தேடி வருவதும் இல்லை. அதோடு, வளரும் நாடுகளில் பிள்ளை பெற்ற ஐந்து பேரில் ஒருவருக்கு மனநலப் பிரச்சினை வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரும்பாலும் மனச்சோர்வு. நானும் மூன்றாம் மாதம் காரணமே இல்லாமல் அழுதவள்தான். ‘ஆஸ்பத்திரிக்குப் போனவள்’ என்றாலே கொலைகாரி என்று காட்டிவிட்டால், எங்களில் எவள் கிளினிக்கில் வாய் திறப்பாள்?

கூட வேலை செய்பவர்களால் தொல்லையே இல்லை என்று சொல்ல வரவில்லை. இரவில் மெசேஜ் அனுப்பி மிரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதைச் சொன்னால் “நாடகம் பார்த்துக் கெட்டுப்போனாய்” என்பார்கள். 1938 என்ற மகளிர் உதவி இலக்கம் நாட்டில் இருக்கிறது. உங்கள் தொடரில் ஒருத்தி அதை அழைத்தால் என்ன குறைந்துவிடும்?

திகில்தான் வேண்டுமென்றால் நான் தருகிறேன். லீவு முடிந்து போனால் என் கதிரையில் வேறொருவர், கணினிக் கடவுச்சொல் மாறியிருக்கிறது, ஒருவரும் காரணம் சொல்லவில்லை. பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை என்று மகப்பேற்று நன்மைகள் சட்டத்தில் எழுதியிருக்கிறது. நான் கழிவறைக் கதவைப் பூட்டிக்கொண்டு பால் பீய்ச்சி ஊற்றினேன், வெளியே யாரோ தட்டிக்கொண்டே நின்றார்கள். அந்தத் தட்டல் சத்தத்தை வைத்து நீங்கள் ஒரு தொடரே எழுதலாம். அந்த நாட்களில் கதவுக்கு வெளியே எனக்குக் காவல் நின்றவர் அதே அக்கா.

ஆகவே, செத்த பிள்ளையைக் காரணமாக வைத்து வரும் படங்களை வாங்காதீர்கள். வாங்கி வைத்திருந்தால் போடாதீர்கள். நீங்களே எழுதும் தொடரில் வில்லி தேவையென்றால், அவளுக்குக் காசாசை கொடுங்கள், பதவியாசை கொடுங்கள், செத்த பிள்ளையைக் கொடுக்காதீர்கள்.

அக்கா அதன்பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. வருகிற ஞாயிறு மகளைத் தூக்கிக்கொண்டு நான்தான் அவர் வீட்டுக்குப் போகிறேன். மாமியும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
உப்புவெளியில் இருந்து ஒரு தாய்