முளைநெல்லுக்கு ஒரு நன்றி மடல்

முத்தையன்கட்டுக் குளத்தின் இடதுகரை உறவுகளுக்கு,

வெள்ளம் வடிந்த வயலில் மறுவிதைப்புப் பயிர் பச்சை பிடித்து நிற்கிறது. நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், அதை இங்கே திரும்ப எழுதவில்லை. கொழும்பு வேலையை விட்டு வந்து கமம் செய்கிற எங்களைப் போன்ற குடும்பங்கள் இந்தக் காலபோகத்தோடு, அதாவது இந்த மாரிமழை வேளாண்மையோடு, மூட்டை கட்டிவிடும் என்று நினைத்தவர்கள் உண்டு. நாங்கள் போகவில்லை. போகாமல் பிடித்து வைத்தவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி மேல்வயல் ஐயாவுக்கும் அம்மாவுக்கும். அவர்கள் தந்தது 4 புசல் விதைநெல் (ஒரு புசல் நெல் ஏறத்தாழ 21 கிலோ). ஏக்கருக்கு 2 புசல் என்று பார்த்தால் இரண்டு ஏக்கருக்குச் சரி. இடரில் விதைநெல் கொடுப்பது வன்னிக்குப் புதிதல்ல. ஆனால் அவர்கள் தந்தது ஊறப்போட்டு, முளைகட்டி, அன்றைக்கே வீசி விதைக்கிற பதத்தில் இருந்த நெல். நாங்கள் கேட்கவுமில்லை.

கமத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். விதைநெல்லைத் தண்ணீரில் கொட்டி, மிதக்கும் சப்பியை அள்ளி எறிந்துவிட்டு, 24 மணித்தியாலம் ஊறவிட வேண்டும். பிறகு தண்ணீரை வடித்து, ஈரச்சாக்கில் கட்டி, நிழலில் 24 முதல் 48 மணித்தியாலம் வைக்க வேண்டும். மழைக்குளிரில் இன்னும் இழுக்கும். சாக்கின் நடுவில் சூடு ஏறும். இடைக்கிடை புரட்டித் தண்ணீர் தெளிக்காவிட்டால் நடுவில் உள்ள நெல் அவிந்து புளித்த மணம் வரும். அந்த நெல் முளைக்காது. முளை அளவுக்கு மேல் நீண்டால் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், வீசும்போது முறியும். அவர்கள் கொண்டுவந்த சாக்கை அவிழ்த்தபோது உள்ளங்கைக்கு இளஞ்சூடு. ஒவ்வொரு மணியின் நுனியிலும் வெள்ளையாக ஒரு புள்ளி, அதற்கு மேல் இல்லை. ஒன்றோடொன்று ஒட்டாமல் விரலிடுக்கில் உதிர்ந்தது.

முளைநெல் காத்திருக்காது. ஒரு நாள் பிந்தினாலே பதம் போய்விடும். வயலில் தண்ணீர் நிற்கும்போது விதைத்தால் காற்றில்லாமல் அழுகும். சேறு கூழாக இருந்தால் விதை தாழ்ந்துவிடும், காய்ந்து தோல் கட்டினால் வேர் இறங்காது. ஆகவே எங்கள் வயலில் தண்ணீர் எப்போது வடியும், வண்டல் எப்போது படியும் என்று முன்கூட்டியே கணக்குப் பார்த்தால்தான் ஒருவரால் அந்த நெல்லை அந்த நாளில் கொண்டுவர முடியும். தன் வயலும் மூழ்கிக் கிடக்கையில் ஐயா எங்கள் வரம்பில் நின்று தண்ணீர் மட்டத்தைப் பார்த்திருக்கிறார். கொடுத்த நெல்லை விட இதுதான் எங்களுக்குப் பெரிது.

தந்த இனமும் யோசித்துத் தந்ததே. பி.ஜி 300 (பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்தின் இனம்), மூன்று மாதப் பயிர். (பி.ஜி வரிசையில் எண்ணைப் பார்த்தாலே பெரும்பாலும் வயது தெரியும்: 250 இரண்டரை மாதம், 352 மூன்றரை.) மழை தையோடு ஓய்ந்துவிடும். பிந்தி விதைத்ததில் வயது கூடிய இனத்தைப் போட்டால் கதிர் வரும் நேரம் குளத்துத் தண்ணீரை நம்பி நிற்க வேண்டும். அதைவிட மோசம், ஊரெல்லாம் அறுத்த பிறகு ஒரு வயல் மட்டும் பச்சையாக நின்றால் கட்டாக்காலி மாடு, பன்றி, மயில் எல்லாம் அங்கேதான் இறங்கும். வெட்டு மெசினும் அதற்குள் வேறு ஊருக்குப் போயிருக்கும். அரை மாதம் என்பது சின்ன விசயமல்ல.

மற்றவர்களைத் தனித்தனியாகச் சொல்ல இடம் போதாது. உடைந்த வரம்புக்கு மண்மூட்டை கட்டிய இளைஞர்கள், டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்டு லான்ட்மாஸ்டரில் (இருசக்கர உழவு இயந்திரம்) வண்டலை மட்டப்படுத்தித் தந்த தம்பி, நெருக்கமாக முளைத்த இடத்தில் பிடுங்கி வெறுமையாகக் கிடந்த இடத்தில் ஊன்றிய அக்காமார், காப்புறுதிப் படிவத்தை இருந்து நிரப்பித் தந்த கமநல சேவை நிலைய அலுவலர், குளத்துத் துருசு (மதகு) திறக்கும் நேரத்தை ஒவ்வொரு முறையும் சொல்லியனுப்பிய கமக்காரர் அமைப்பு, கொழும்பிலிருந்து அரிசியும் மருந்தும் அனுப்பிய பழைய வேலைத்தள நண்பர்கள் எல்லோருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

நெல்லைத் திருப்பித் தருகிறோம் என்றோம். ஐயா வேண்டாம் என்றார். ஆகவே இப்படித் தீர்மானித்திருக்கிறோம்: இந்த அறுவடையில் கலப்பில்லாத பாத்தியைத் தனியாக அறுத்து, ஈரப்பதன் 13 வீதத்துக்குக் கீழே வரும்வரை காயவைத்து, 8 புசலை நிலத்தில் முட்டாமல் பலகையில் அடுக்கி வைப்போம். ஐப்பசியில் 100 மணியை ஈரத்துணியில் முளைக்கவிட்டுப் பார்ப்போம். 85க்குக் குறைந்தால் அதை மாற்றிப் புது விதை வாங்கி வைப்போம். அந்த 8 புசலும் விற்பனைக்கல்ல. அடுத்த காலபோகத்தில் இடதுகரையில் யாருடைய வயல் மூழ்கினாலும் முதல் நாளே சொல்லியனுப்புங்கள். உங்கள் வயலில் தண்ணீர் எந்த மூலையால் வடியும், கடைசியாக எங்கே தேங்கும் என்பதையும் சொன்னால், நாள் பார்த்து ஊறப்போட்டு முளைகட்டிக் கொண்டுவந்து தருவோம்.