சீமெந்தும் ஈயக் கட்டையும்

கொக்குவில்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. மூத்தவனுக்கு அல்பேர்ட்டாவில் எண்ணெய்க் கிணறு திருத்தும் வேலை கிடைத்தது எனக்குச் சரியான சந்தோசம். நான் ஓமானில் அந்த வேலை செய்தவன் என்றபடியால் அவனுக்கு என்ன சொல்லலாம் என்று கேட்டிருந்தாய்.

எண்ணெய்க் கிணறு என்றால் எல்லோரும் துளைமுனையைத்தான் பேசுவார்கள். அது பெரிய கண்டுபிடிப்புத்தான். 1909இல் ஹவார்ட் ஹியூஸ் (விமானம் ஓட்டிய ஹியூஸின் தகப்பன்) பல் வைத்த இரட்டைக் கூம்புக்குக் காப்புரிமை எடுத்தார். முந்தியது பாறையைச் சுரண்டியது, இது உருண்டு நொறுக்கியது. ஆனால் போட்ட துளையைக் காப்பாற்றுவது குழாய்க்கு வெளியே இருக்கும் சீமெந்து. அதைத்தான் பெடியன் முதலில் படிக்க வேண்டும்.

இரும்புக் குழாயை இறக்கி, அதற்குள்ளே சீமெந்துக் கூழை விடுவார்கள். கூழுக்கு முன்னால் ஒரு அடைப்பான், பின்னால் ஒன்று. முன்னது அடியில் போய் உடைந்து வழிவிட, கூழ் குழாயின் அடிவாயைச் சுற்றி வெளிப்பக்கமாக மேலே ஏறும். பின்னது அடியில் முட்டியதும் பம்பின் அழுத்தமுள் சட்டென்று எழும்பும். அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டு மூச்சுவிடாமல் நிற்போம். கலிபோர்னியாவில் பேர்கின்ஸ் கொண்டுவந்த முறை இது. அவரிடம் வேலை பழகிய ஹலிபேர்ட்டன் 1919இல் ஒக்லஹோமாவில் தனியே தொடங்கி அதைப் பெருந்தொழிலாக்கினார்.

தண்ணீர்ப் படையையும் எரிவாயுப் படையையும் பிரித்து வைப்பது அந்தச் சீமெந்துதான். 2010 ஏப்ரலில் மெக்சிக்கோ வளைகுடாவில் ஒரு எண்ணெய்க் கிணற்றின் அடிச் சீமெந்து பிடிக்கவில்லை. கிணற்றை நெரித்து மூடவேண்டிய பெரிய வால்வும் கைவிட்டது. 11 பேர் செத்துப்போனார்கள், 87 நாள் எண்ணெய் கடலுக்குள் ஓடியது.

திருத்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது ஈயக் கட்டை. குழாய் முறிந்து உள்ளே கிடக்கும், எப்படி முறிந்தது என்று கண்ணால் பார்க்க வழியில்லை. அடியில் ஈயம் வார்த்த கட்டையை இறக்கி, முறிந்த இடத்தில் ஒருதரம் அழுத்தி மேலே எடுப்போம். ஈயத்தில் பிறை மாதிரி ஒரு பள்ளம் பதிந்திருக்கும். பிறை ஓரத்தில் என்றால் குழாய் சுவரில் சாய்ந்து கிடக்கிறது. முழு வட்டம் என்றால் நேரே நிற்கிறது, வெளிப்புறமாகக் கவ்வும் கருவியை இறக்கலாம். எங்கள் போர்மன் அந்தப் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்துத்தான் அடுத்த கருவியைச் சொல்லுவார். இப்போது கமராவும் இறக்குகிறார்கள், ஆனால் கலங்கல் சேற்றுக்குள் கமராவுக்கு ஒன்றும் தெரியாது.

இங்கே பக்கத்து வளவில் குழாய்க் கிணறு அடிக்கிறார்கள், மச்சான். அதுதான் மனதை அரிக்குது. இன்னும் ஆழம் போனால் இன்னும் நல்ல தண்ணீர் என்று நினைக்கிறார்கள். எங்கள் யாழ்ப்பாண மண்ணில் அது தலைகீழ். நிலாவரைக் கிணற்றைப் பார், மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. உவரின் மேல் நல்ல தண்ணீர் மிதந்துகொண்டுதான் இருக்கிறது. கணக்குப்படி நல்ல தண்ணீர் மட்டம் ஒரு அடி இறங்கினால் உவர் ஏறத்தாழ 40 அடி மேலே வரும். ஓமானில் உப்புத் தண்ணீர் புகுந்தால் அழுத்தத்தோடு சீமெந்தைத் திணித்து அடைப்போம். இங்கே சுண்ணாம்புக் கல் முழுக்கப் பொந்து, சீமெந்து எந்தப் பக்கம் ஓடும் என்று யாருக்கும் தெரியாது. ஆழம் போகாமல் நிறுத்திக்கொள்வதைத் தவிர வேறு மருந்தில்லை.

நேற்று பக்கத்து வளவுக்காரரிடம் போய்ச் சொன்னேன். தலையாட்டினார், ஆனால் மெஷின்காரனுக்கு முற்பணம் கொடுத்துவிட்டாராம். நாளைக் காலையில் திரும்பப் போகிறேன்.

மகனிடம் சொல், சீமெந்து குழாயைப் பிடித்திருக்கிறதா என்று ஒலி விட்டுப் பார்க்கும் பதிவை வாசிக்கப் பழகட்டும். அதில் சந்தேகம் வந்தால் எனக்குப் படம் அனுப்பட்டும். உனக்குச் சுகர் இப்போது எப்படி? நல்லூர்த் திருவிழாவுக்கு வருவதென்றால் முன்கூட்டியே எழுது, மேல் அறைக்கு வெள்ளையடிக்க வேண்டும்.

அன்புடன்,
உன் மச்சான்