மரம் மோதிய படகும் இழுத்து வந்தவர்களும்

பழையாறு,
2025 ஜனவரி.

அன்பு மச்சான்,

பொங்கல் வாழ்த்துகள். இங்கே அனைவரும் நலம். உன் அம்மாவுக்கு மாத்திரைகள் வாங்கிக் கொடுத்துவிட்டேன். நீ அனுப்பிய பணம் தங்கச்சியிடம் சேர்ந்துவிட்டது. பின்கட்டுக் கூரைக்கு ஓடு மாற்றியாயிற்று. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உன் மகன் கையில் போட்டிருந்த தையலைப் பிரித்துவிட்டார்கள். விரல்கள் ஐந்தும் நன்றாக மடங்குகின்றன. இதை முதலில் எழுதாவிட்டால் நீ மற்ற வரிகளைப் படிக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். நீ பஹ்ரைனிலிருந்து கூப்பிட்ட அன்று இறங்குதளத்தில் என்னைச் சுற்றி ஊரே நின்றுகொண்டிருந்தது. நீ கேட்டதில் பாதிக்குக்கூட என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதற்குள் படகு கவிழ்ந்துவிட்டது என்றும், பையன் நீந்திக் கரை சேர்ந்தான் என்றும் உனக்கு யார் யாரோ சொல்லியிருக்கிறார்கள். படகு கவிழவில்லை. யாரும் நீந்தவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

மார்கழிக் கடைசியில் வாடைக் காற்று சற்றே தணிந்திருந்ததால் படகுகள் கிளம்பத் தொடங்கியிருந்தன. நாங்கள் வலையை வாங்கிக்கொண்டு, விடிவதற்கு முன்பே கரையை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தோம். சுக்கான் மாமா என்ஜினைப் பிடித்திருந்தார். உன் மகன் படகின் முன்பக்கம், அணியத்தில் உட்கார்ந்திருந்தான். நானும் நெட்டையும் மீனைப் பிரித்துப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தோம். ஏழெட்டுப் பாகம் (இரு கைகளை விரித்த நீளம் ஒரு பாகம்) ஆழமுள்ள இடம் அது. கடலடிப் பாறையும் இல்லை, மணல் திட்டும் இல்லை, நம் தாத்தா காலத்திலிருந்து யாருடைய வலையும் எதிலும் சிக்காத வெறும் சேற்றுத் தரை. அங்கேதான் அணியத்தின் இடப்புறத்தில் ஏதோ பலமாக மோதியது. படகின் முன்பக்கம் மேலே தூக்கிக்கொண்டது. பிறகு அடிப்பகுதியை நெடுக உரசியபடி ஏதோ ஒன்று பின்னோக்கிப் போயிற்று. அது படகின் பின்பக்கமான அமரத்தைக் கடந்தபோது என்ஜினின் நீண்ட ஷாஃப்ட் தண்ணீரிலிருந்து எகிறியது. அதன் முனையிலுள்ள உந்துவிசிறி காற்றில் சுழல, என்ஜின் போட்ட அலறலை மாமா சட்டென்று அணைத்தார். அந்த அமைதியில்தான் தண்ணீர் உள்ளே வரும் சத்தம் எங்களுக்குக் கேட்டது.

விளக்கடித்துப் பார்த்தோம். நீர்மட்டத்தை ஒட்டி ஒரு முழ நீளத்துக்கு வெடிப்பு. அதன் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஃபைபர் உள்பக்கமாக மடிந்து, நார் நாராகப் பிய்ந்து நின்றது. உன் மகன் யாரையும் கேட்காமல் சாக்கு ஒன்றைச் சுருட்டி அந்த ஓட்டையில் வைத்து அழுத்தினான். அப்போதுதான் அந்த நார்கள் அவன் உள்ளங்கையைக் கிழித்தன. கை கிழிந்ததை அவன் சொல்லவே இல்லை. சாக்கு சிவந்ததைப் பார்த்து நெட்டைதான் கத்தினான்.

மாமா சொன்னவற்றை உனக்கு விரிவாக எழுத வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அந்த அரை மணி நேரத்தில் அவர் செய்தவைதாம் படகைக் காப்பாற்றின. முதலில் ஐஸ் பெட்டி, மீன், வலை அனைத்தையும் பின்னால் தள்ளச் சொன்னார். அமரத்தில் எடை ஏற ஏற அணியம் மெல்ல உயர்ந்து, வெடிப்பின் மேல்பாதி தண்ணீருக்கு வெளியே வந்துவிட்டது. ஆனால் பின்பக்கம் அதிகம் தாழ்ந்தால் அந்த வழியாக அலை ஏறும் என்பதால், வலையில் ஒரு பகுதியை மீண்டும் நடுவுக்குக் கொண்டுவரச் செய்தார். பிறகு ஐஸ் பெட்டியின் தெர்மகோல் மூடியை உடைத்து, சாக்கின் மேல் வைத்து, அதன்மேல் ஒரு பலகையைச் சாத்தி, பலகைக்கும் குறுக்குக் கட்டைக்கும் இடையே துடுப்பை முட்டுக் கொடுத்தார். நீர் நிற்கவில்லை, ஆனால் இருவர் மாறி மாறி இறைத்தால் சமாளிக்கக்கூடிய அளவுக்குக் குறைந்தது. உன் மகன் ஒற்றைக் கையால் இறைத்தான். உட்காரச் சொன்னால் முறைக்கிறான், அப்படியே உன்னைப் போல.

என்ஜினை இயக்கிப் பார்க்கவும் வழியில்லை. ஷாஃப்ட் கண்ணுக்குத் தெரியும்படி வளைந்திருந்தது. விசிறியில் ஓர் இதழே இல்லை. கைப்பேசியில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. கடலோரக் காவல்படையின் 1554 எண்ணை அழுத்திக்கொண்டிருக்கும்போதே தெற்கே ஒரு விளக்கு தெரிந்தது. நெட்டை துடுப்பில் சட்டையைக் கட்டி ஆட்ட, நான் விளக்கை அணைத்து அணைத்துக் காட்டினேன். அந்தப் படகு திரும்பி எங்களை நோக்கி வந்தது.

யார் படகு தெரியுமா? சுருக்குமடி என்ற பெரிய சுற்றுவலையைப் பற்றிய தகராறுக்குப் பிறகு நம் ஊரோடு பேச்சுவார்த்தை இல்லாத அந்த ஊர்ப் படகு. பெயரை எழுத வேண்டியதில்லை, உனக்கே தெரியும். அதிலிருந்த மூத்தவர் அன்று நடந்த கூட்டத்தில் என் எதிரே நின்று பேசியவர். வலை விரிக்கப் போய்க்கொண்டிருந்தவர்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளக்கூட இல்லை, கயிற்றை எடுத்துவிட்டார்கள். அன்றைய மீன்பாடு அவர்களுக்குப் போனதுதான்.

படகை இழுத்து வருவது எளிது என்று கரையில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அன்று நான் கண்டதை உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. அணியத்தில் கயிறு கட்டும் கொம்பின் அடியிலேயே வெடிப்பு ஓடியிருந்ததால், அதில் கட்டினால் ஒரே இழுப்பில் முன்பக்கமே பிய்ந்து வந்திருக்கும். எனவே மாமா நடுவிலுள்ள குறுக்குக் கட்டையின் இரு முனைகளிலும் கயிறு கட்டி, அவ்விரண்டையும் அணியத்துக்கு வெளியே கொண்டுபோய் ஒன்றாக முடிந்து, அந்த முடிச்சில்தான் இழுக்கும் கயிற்றைச் சேர்த்தார். இழுவை இரண்டு பக்கமும் சமமாகப் பிரிந்து படகின் உடம்பு முழுவதற்கும் பரவியது. கயிற்றை மிக நீளமாக விடச் சொன்னார். குட்டையான கயிறாக இருந்தால் ஒவ்வோர் அலையிலும் அது தளர்ந்து, பிறகு வெட்டி இழுக்கும்; நீளமான நைலான் கயிறு தன் எடையாலேயே நடுவில் தாழ்ந்து, அலையின் அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொள்கிறது. கயிற்றின் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது என்று இரண்டு படகிலும் சத்தம் போட்டார்; அறுந்தால் அந்த முனை அடிக்கும் அடியில் ஆள் பிழைப்பது அரிது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. என்ஜின் இல்லாத படகுக்கு நேராகப் போகத் தெரியாது. இடமும் வலமுமாக அலைந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் உடைந்த பக்கத்தை அலைக்குக் காட்டியது. மாமா பழைய வலைத்துண்டு ஒன்றைச் சுருட்டிக் கட்டி, கயிற்றில் கோத்துப் பின்னால் தண்ணீரில் இழுபட விட்டார். அந்தப் பிடியில் அமரம் அடங்கியது, படகு நேராக வந்தது. உன் மகன் இதைப் பற்றி இன்னமும் பேசிக்கொண்டிருக்கிறான். நடக்கும் வேகத்தில்தான் வந்தோம். முகத்துவாரத்துக்கு வெளியே நம் ஊர்ப் படகு ஒன்று எதிரே வந்து நின்றது. அங்கே நீண்ட கயிற்றோடு திரும்ப முடியாது என்பதால், கயிற்றைச் சுருக்கி, அந்தப் படகோடு பக்கவாட்டில் சேர்த்துக் கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தோம். இழுத்து வந்தவர்கள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு அங்கிருந்தே திரும்பிவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து அவர்கள் ஊருக்கு நானும் மாமாவும் டீசல் கேன்களோடு போனோம். டீசலை வாங்கிக்கொண்டார்கள், அது வழக்கம். பணத்தைத் தொடவில்லை. அந்த மூத்தவர் உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார். வலை விவகாரத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. என் கருத்து அதில் மாறிவிடவில்லை, அவருடையதும் மாறியிருக்காது. இருந்தாலும் அடுத்த கூட்டத்தில் அவர் முகத்தைப் பார்த்து முன்புபோல் குரல் உயர்த்த என்னால் முடியாது, மச்சான்.

படகைக் கரையேற்றிக் கவிழ்த்துப் பார்த்தபோதுதான் சேதத்தின் அளவு புரிந்தது. ஃபைபர் மிஸ்திரி நாணயம் ஒன்றை எடுத்து, பானை வாங்குபவர்போல் அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இடத்தில் கணீரென்று கேட்ட சத்தம், வெடிப்பைத் தாண்டி ஒரு கை தூரத்துக்கு மந்தமாகவே வந்தது. பார்வைக்கு முழுதாக இருந்த அந்த இடத்தில் உள் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருந்தன. வெளியே பசை பூசி வண்ணம் அடித்தால் வாரத்தில் இறக்கிவிடலாம் என்று வேறொருவர் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. மிஸ்திரி பிரிந்த பகுதி முழுவதையும் வெட்டி எடுத்துவிட்டார். உப்பு போக நல்ல தண்ணீரில் கழுவி, நாள்கணக்கில் காய வைத்திருக்கிறோம். விளிம்புகளை நீண்ட சரிவாகத் தேய்த்து, தடிமனைப்போல் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்கு அந்தச் சரிவு இருக்க வேண்டும் என்கிறார். அதன்மேல் மேட், ரோவிங் என்ற இருவகைக் கண்ணாடி இழைத் துணிகளை மாறி மாறி ரெசினில் நனைத்துப் பதிக்க வேண்டும். காற்றில் ஈரம் குறைந்த, வெயில் அடிக்கும் நாளுக்காகக் காத்திருக்கிறோம். ஷாஃப்ட்டும் விசிறியும் நாகப்பட்டினத்தில் சொல்லியிருக்கிறேன். எல்லாம் சேர்ந்து முப்பதாயிரத்தைத் தாண்டும். நிவாரணத்துக்காக ஓர் அலுவலகத்தில் கேட்டதற்கு, புயல் சேதக் கணக்கு முடிந்துவிட்டது என்றார்கள். புயல்தான் இதைச் செய்தது என்று எவ்வளவு சொல்லியும் எழுதிக்கொள்ளவில்லை.

ஆம், புயல்தான். மோதியது என்ன என்று உனக்கு இன்னும் சொல்லவில்லை. நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்ததும், அதன் பிறகு சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேலாகத் தண்ணீர் திறந்துவிடப்பட்டதும் உனக்குத் தெரியும். தென்பெண்ணை கரை புரண்டு கடலூரையே மூழ்கடித்தது. அந்த வெள்ளம் கரையோர மரங்களை வேரோடு பிடுங்கி, தாழங்குடா முகத்துவாரத்தின் வழியாகக் கடலில் தள்ளியது. இந்த மாதங்களில் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிறது. கடலூரில் கடலுக்கு வந்தது பழையாற்றுக்கு வராமல் எங்கே போகும்? கிடையாக மிதக்கும் மரத்தைப் பகலிலாவது கண்டுவிடலாம். வாரக்கணக்கில் ஊறி, வேர்ப்பக்கம் கனத்து, செங்குத்தாக நிற்கும் மரத்தின் தலை நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே இருக்கிறது. அலை மடியாத அமைதியான கடலில் அது இருப்பதற்கு எந்த அடையாளமும் இல்லை.

இது ஊகம் இல்லை. மோதிய இடத்தின் ஜிபிஎஸ் குறிப்பைத் தொடுவாய், திருமுல்லைவாசல், பூம்புகார், வானகிரி என்று தெற்கே உள்ள ஊர்களுக்கெல்லாம் அன்றே கைப்பேசியில் சொன்னேன். பிறகு திருமுல்லைவாசலுக்கு நேரே ஒரு மரத்தை நான்கு படகுகள் சேர்ந்து கயிறு போட்டுக் கரைக்கு இழுத்து வந்தன. போய்ப் பார்த்தேன். மருத மரம். இருவர் கைகோத்தாலும் அணைக்க முடியாத பருமன். வேர்ப்பிடிக்குள் கருங்கல் ஒன்று இறுகிச் சிக்கியிருந்தது. அந்தக் கல்தான் அதை நிமிர்த்தி வைத்திருந்திருக்கிறது. நுனிப்பக்கப் பிளவில் நம் படகின் நீல வண்ணம் தீற்றலாக ஒட்டியிருந்தது.

ஒரு மரம் கரைக்கு வந்துவிட்டது. மற்றவை எங்கே நிற்கின்றன? கப்பல்களுக்கு இப்படிப்பட்ட ஆபத்துகளை அறிவிக்க டேராடூனிலுள்ள கடற்படையின் கடல் வரைபட அலுவலகத்தின் ஏற்பாடு இருக்கிறது. அதைக் கேட்கும் கருவி நம் ஃபைபர் படகில் இல்லை. ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையத்திலிருந்து அலையும் காற்றும் எப்படியிருக்கும் என்று நமக்குச் செய்தி வருகிறது. மரம் அதில் வராது. ஆகவே பெருவெள்ளம் வந்த ஆண்டுகளில் கடலூர் முதல் காரைக்கால் வரை எந்தப் படகு எதைக் கண்டாலும் இடத்தைக் குறித்து எல்லா ஊர்களுக்கும் சொல்ல வேண்டும், இழுக்க முடிந்ததைச் சேர்ந்து இழுத்துவிட வேண்டும் என்று பஞ்சாயத்தில் பேசினேன். நம் ஊர் ஒப்புக்கொண்டுவிட்டது. பேச்சுவார்த்தை இல்லாத ஊர்களிடம் யார் போய்ச் சொல்வது என்று கேட்டார்கள். நானே போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அந்த மூத்தவர் வீட்டிலிருந்துதான் தொடங்கப் போகிறேன்.

கடைசியாக உன் மகனைப் பற்றி. டிப்ளமோ முடியும் முன்பே கடலுக்கு வந்துவிடுகிறேன் என்கிறான். தங்கச்சி ஒரே அழுகை. என் எண்ணத்தைக் கேட்டால், படிப்பை முடிக்கட்டும். அதற்கப்புறம் அவன் முடிவு அவனுடையது. கடலுக்கு ஏற்றவன் என்பதை அன்று நான் பார்த்துவிட்டேன், அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். விடுமுறையில் என்னோடு வந்ததற்காக அவனைத் திட்டாதே. தொலைபேசியில் நீ கத்தினால் பாதி ஊருக்குக் கேட்கிறது. அவனுக்கு ஒரு கடிதம் எழுது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். அப்போது உனக்கு விடுப்பு கிடைக்கும் என்று சொல்லியிருந்தாய். வந்தால் படகின் அடிப்பகுதி முழுவதையும் தட்டிப் பார்த்து, வேண்டிய இடங்களில் இன்னோர் அடுக்கு போட்டுவிடலாம். வரும்போது இழுவைக்கு ஏற்ற கனத்த நைலான் கயிறு ஒரு சுருள் கொண்டு வா. மிதக்கும் வகை வேண்டாம், அது விசிறியில் சுற்றிக்கொள்ளும்.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
உன் மச்சான்