அப்பாவின் ஏரியல்

அல்சூர், பெங்களூரு
ஞாயிறு காலை

அன்புள்ள சேகர்,

அப்பா காரியத்துக்கு வந்துவிட்டுப் போன நான், ஏழு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டுவதென்றால் படித்து முடித்துவிட்டுத் திட்டு. இங்கே எல்லோரும் நலம். சின்னவள் பியூசி இரண்டாம் வருஷம். பாலு இன்னும் அந்த ஸ்கூட்டரைத் திருப்பித் தரவில்லை. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று சாயங்காலம் அப்பாவின் கான்டெஸா காரில் ரேடியோ ஏரியல் மறுபடி எழுந்துவிட்டது!

அந்தச் சத்தம் உனக்கு மறந்திருக்காது. ரேடியோவைத் திருகினதும் டிக்கிப் பக்கம் 'ர்ர்ர்' என்று ஒரு முனகல். பின் மட்கார்டிலிருந்து வெள்ளிக்கம்பி அடுக்கடுக்காக நீளும். நாம் கேட் மேல் ஏறி நின்று பார்ப்போம். நமக்காகவே அப்பா ஒருதரம் அணைத்து மறுபடி போடுவார்.

மழை ஆரம்பித்த வாரத்தில் அது நின்றுபோனது. மோட்டார் ஓடுகிறது, கம்பி அசையவில்லை. காட்டப்போன இடத்தில், "இதெல்லாம் இப்ப யாரு சார் வெச்சிருக்காங்க? பிடுங்கிட்டு ஓட்டையை அடைச்சு, மேலே குட்டை ஏரியல் ஒட்டித் தரேன்" என்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எஃப்எம் அலையின் நீளம் ஏறக்குறைய 3 மீட்டர். அதில் கால்பங்கு, முக்கால் மீட்டர் கம்பி, தானாகவே நன்றாக வாங்கும். குட்டைக்கு உள்ளே ஆம்ப்ளிஃபையர் வைத்துத் தாங்க வேண்டும். நல்லதைப் பிடுங்கிவிட்டு அதை எதற்கு ஒட்டுவது?

இன்னொருவர், மோட்டாருக்குக் கரண்டைத் திருப்பிவிடும் ரிலே போய்விட்டது என்று புதுசு மாற்றிக் காசு வாங்கினார். ரேடியோ போட்டால் ஒருதரம் ஓடுகிறது, அணைத்தால் எதிர்ப்பக்கம் ஒருதரம் ஓடுகிறது. அப்படியென்றால் ஃபியூஸும் சரி, ரிலேயும் சரி. கோளாறு மோட்டாருக்கு அப்பால்தான். இதை அவரிடம் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

நேற்று நானே டிக்கியின் உள்ளட்டையைக் கழற்றினேன். சேகர், இதற்காகத்தான் இந்தக் கடிதமே. மூன்று ஒயரிலும் ஒரு துண்டு வெள்ளைப் பிளாஸ்திரி, அதில் பால்பாயின்ட்டில் அப்பாவின் கையெழுத்து. சிவப்பில் 'எப்போதும்'. நீலத்தில் 'ரேடியோ'. கறுப்பில் 'பாடி'. பாட்டரியிலிருந்து எப்போதும் கரண்ட் வருவது ஒன்று, ரேடியோ போட்டால் மட்டும் வருவது ஒன்று, எர்த் ஒன்று. பின்னால் யாராவது திறந்து பார்த்துத் திண்டாடக் கூடாதென்று எழுதி வைத்திருக்கிறார். கொஞ்ச நேரம் டிக்கிக்குள் தலையை வைத்தபடியே இருந்தேன்.

பிறகு டெஸ்ட் விளக்கை வைத்துப் பார்த்தேன். அப்பா எழுதினது எழுதினபடி எரிந்தது. யூனிட்டைக் கழற்றி மூடியைத் திறந்தால், அடியில் தண்ணீர் வடியும் குழாய் சேறடைத்துக் கல்லாகியிருந்தது. கம்பியை மேலே தள்ளும் பல் வைத்த நைலான் கயிறு இரண்டாக முறிந்து, பல்லெல்லாம் உமி மாதிரி உதிர்ந்து கிடந்தது. மோட்டார் பாவம், பிடிக்க ஒன்றுமில்லாமல் சும்மா சுற்றியிருக்கிறது.

ஏன் முறிந்தது தெரியுமா? உன்னால்தான்டா! நீ ஆசையாக மாட்டவைத்துவிட்டுப் போன பென்டிரைவ் பிளேயர். அதில் முழு நீல ஒயர் ரேடியோ பாடும்போது மட்டும் கரண்ட் தரும். வெள்ளைக்கோடு போட்ட நீலம் ஆம்ப்ளிஃபையருக்கானது, பிளேயர் போட்ட நேரமெல்லாம் தரும். மாட்டினவன் கோடு போட்டதில் ஏரியலை இணைத்துவிட்டான். நீ பென்டிரைவில் பாட்டுக் கேட்டபோதெல்லாம் கம்பி முழுசாக நின்றிருக்கிறது. மரக்கிளை, பேஸ்மென்ட் கூரை எல்லாவற்றிலும் இடித்து, மேலிருந்து இரண்டாவது அடுக்கு வளைந்து சிக்கிக்கொண்டது. சிக்கினதை மோட்டார் விடாமல் தள்ளினால் நைலான்தான் உடையும்.

கான்டெஸா தயாரிப்பை 2002-லேயே நிறுத்திவிட்டாலும் இந்த ஏரியல் வெளியில் வாங்கி மாட்டியது என்பதால் பிழைத்தோம். ஜே.சி. ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கி, கயிறோடு சேர்ந்த கம்பி கிடைத்தது. உடைந்த துண்டுகளைப் பொறுக்கி, குழாயைக் குத்தி எடுத்து, ஒயரை முழு நீலத்துக்கு மாற்றி, யூனிட்டை மாட்டினேன். சின்னவள் முன்சீட்டில். "ரேடியோ போடு" என்றேன், மோட்டார் மேல்பக்கமாக ஓடி நின்றது. கயிற்றின் பல், உள்ளே இருக்கும் சக்கரத்தைப் பார்க்கும்படி அதை மேலிருந்து இறக்கி, "இப்போ அணை" என்றேன். விரல் நடுவில் கயிறு வெடுக்கென்று இழுபட்டது. கம்பி முழுக்க உள்ளே போய்விட்டது. மறுபடி போடச் சொன்னேன். எழுந்தது. 101.3-இல் கன்னடச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது, ஒரு கரகரப்பு இல்லை.

கிரீஸ் மட்டும் போட்டுவிடாதே என்று அப்பா சொல்வார் இல்லையா? தூசி ஒட்டும். துணியால் துடைத்து மட்டும் வைத்திருக்கிறேன்.

பொங்கலுக்கு வா. ஓசூர், கிருஷ்ணகிரி தாண்டி தருமபுரி வானொலி தெளிவாகும் இடம்வரை போய்வருவோம், அம்மாவையும் உட்கார வைத்து. 'ரேடியோ' என்று எழுதிய பிளாஸ்திரி பசை விட்டிருந்தது. மாற்ற மனமில்லை, அதன் மேலேயே கண்ணாடி டேப் ஒட்டியிருக்கிறேன்.

உன்
ரவி